அமைடு உடையும்போது வெளியே வருவது யார்?

அமாக்ஸிசிலின் போன்ற குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் மருந்து ஏன் பாட்டிலுக்குள் உலர்ந்த பொடியாகவே வருகிறது, தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பிறகு ஏன் 7 நாளிலோ 14 நாளிலோ மிச்சத்தைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அதே அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும் பாராசிட்டமால் சிரப் ஆலையிலிருந்து வரும்போதே திரவமாகத்தான் வருகிறது, வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது, அதை யாரும் அவசரமாகக் கொட்டச் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே அமைடு வகைச் சேர்மங்கள். ஒன்று தண்ணீர் பட்டதும் நாட்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறது, இன்னொன்று தண்ணீரிலேயே குடித்தனம் நடத்துகிறது. ஏன் இந்த வித்தியாசம், உடைந்தால் என்ன வெளியே வருகிறது, வந்தது என்ன செய்கிறது என்று பார்த்தால் மருந்துக் கடையில் ஆரம்பித்து வயல், டீசல் எஞ்சின், கண் வில்லை வரைக்கும் ஒரே கதைதான் வேறு வேறு வேஷத்தில் ஓடுவது தெரியும்.

முதலில் அமைடு என்றால் என்ன என்பதை முடித்துவிடுவோம். ஒரு கார்பாக்சிலிக் அமிலமும் ஒரு அமீனும் (அல்லது வெறும் அம்மோனியாவும்) சேர்ந்து, நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியே விட்டுவிட்டால் கிடைப்பது அமைடு. ஒரு ஆக்சிஜனை இரட்டைப் பிணைப்பில் பிடித்திருக்கும் கார்பன், அதை ஒட்டி ஒரு நைட்ரஜன், இதுதான் அதன் முகம். புரதங்கள் முழுக்க இந்தப் பிணைப்பால் கோர்த்தவைதான், அங்கே மட்டும் அதற்குப் பெப்டைடு பிணைப்பு என்று பெயர். நைலானும் இதேதான். யூரியா ஒரே கார்பனில் இரண்டு நைட்ரஜனைப் பிடித்துவைத்திருக்கும் அமைடு. சோடியம் அமைடு மாதிரியான உலோக அமைடுகள் வேறு ஜாதி, பெயர் மட்டும்தான் ஒன்று. பழையதாகி மஞ்சளடித்துப்போன சோடியம் அமைடு டப்பாவைத் திறக்கவே ஆய்வகத்தில் பயப்படுவார்கள், அதில் வெடிக்கக்கூடிய ஆக்சிஜனேற்றப் பொருட்கள் சேர்ந்திருக்கலாம். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை வெளியே விட்டு உண்டானது என்பதால், தண்ணீரைத் திரும்பச் சேர்த்தால் பிரிந்துவிட வேண்டும். கணக்குப்படி பிரியவும் விரும்புகிறது, ஆற்றல் அளவில் பிரிந்த நிலைதான் பொதுவாக இறக்கம். ஆனால் பிரிவதில்லை. நடுநிலையான தண்ணீரில், 25 டிகிரி செல்சியஸில், எந்த நொதியும் உதவாமல் ஒரு சாதாரணப் பெப்டைடு பிணைப்பு பாதியளவு உடைய சுமார் 350 முதல் 600 ஆண்டுகள் ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீராக இருந்தும் கரைந்துபோகாமல் இருப்பதற்கு இந்தச் சோம்பேறித்தனம்தான் காரணம்.

அந்தச் சோம்பேறித்தனம் எங்கிருந்து வருகிறது? நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. அமைடில் அந்த ஜோடியைப் பக்கத்துக் கார்பன் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்துவிடுகிறது. உடனிசைவு என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதுதான். இதனால் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு மாதிரி ஆகிறது: வழக்கமான ஒற்றைப் பிணைப்பு சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம் நீளம் என்றால் அமைடில் அது 1.33தான். சுலபமாகச் சுழலாது, அந்தப் பகுதி தட்டையாக நிற்கும், எலக்ட்ரான் பசி தீர்ந்துபோன கார்பன் தண்ணீர் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காது. எஸ்டர்களில் (அமீனுக்குப் பதிலாக ஆல்கஹால் அமிலத்தோடு சேர்ந்த உறவினர்களில்) இந்த அளவுக்குப் பகிர்வு இல்லை, அதனால்தான் எஸ்டர் எளிதில் உடைகிறது, அமைடு உடைவதில்லை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்து விஷயத்தில் திரும்ப வரும்.

உடைக்க என்ன வழி என்றால், பலவந்தம் ஒன்று, நைச்சியம் ஒன்று.

பலவந்தம் என்பது அமிலம், காரம், சூடு. அமிலத்தில் ஒரு புரோட்டான் அமைடின் ஆக்சிஜனில் போய் உட்காருகிறது, கார்பனுக்குப் பசி திரும்பி வருகிறது, தண்ணீர் உள்ளே நுழைகிறது, அமீன் வெளியே போகிறது. போன அமீன் உடனே அமிலத்திடமிருந்து ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு அமோனியம் அயனியாகிவிடுவதால் திரும்பி வந்து ஒட்ட முடியாது. காரத்தில் ஹைட்ராக்சைடு நேராகவே கார்பனைத் தாக்குகிறது, கடைசியில் அமிலப் பாதி எதிர்மின் அயனியாகிவிடும், அதுவும் திரும்பி வராத பாதை. இரண்டிலுமே ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு பங்கு அமிலமோ காரமோ செலவாகிறது. புரதத்தில் எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இன்றைக்கும் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் 24 மணி நேரம் வேகவைப்பதுதான் வழக்கமான முறை. அவ்வளவு முரட்டுத்தனம் தேவைப்படுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: அஸ்பராஜின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலியிலும் ஒரு அமைடு இருப்பதால் அதுவும் சேர்ந்து உடைந்து அஸ்பார்டிக் அமிலமாகவும் குளூட்டமிக் அமிலமாகவும் மாறிவிடும், எது முதலிலேயே அமிலமாக இருந்தது, எது இப்போது ஆனது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

நைச்சியம் என்பது நொதி. 24 மணி நேரம் கொதிக்கவைத்துச் செய்யும் அதே வேலையை உடம்பின் புரத நொதிகள் 37 டிகிரியில் சத்தமில்லாமல் முடித்துவிடுகின்றன. அமைடேஸ், புரோட்டியேஸ், யூரியேஸ் என்று பெயர்தான் பல. ஒரு அமைடு இயற்கையில் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைத் தண்ணீர் தீர்மானிப்பதைவிட, அந்த இடத்தில் அதற்கான நொதி இருக்கிறதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கிறது.

சரி, அமாக்ஸிசிலினுக்கு வருவோம். பென்சிலின் குடும்பம் முழுக்க நடுவில் பீட்டா-லாக்டம் என்ற நாலு மூலை வளையம் இருக்கிறது. அந்த வளையத்துக்குள் இருப்பதும் அமைடுதான், ஆனால் அதை நெருக்கிப் பிடித்து வளைத்துவைத்திருக்கிறார்கள். தட்டையாக நின்றால்தானே நைட்ரஜன் தன் எலக்ட்ரானைச் சாய்த்துக் கொடுக்க முடியும்? இங்கே அந்த வசதி சரியாக இல்லை. கார்பன் பசியோடு இருக்கிறது, வளையத்தின் இறுக்கமும் எப்போது விரியலாம் என்று காத்திருக்கிறது. பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதி அருகில் வந்ததும் வளையம் திறந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும், நொதி செத்தது. மருந்தின் வீரியமே அந்தப் பலவீனமான பிணைப்பில்தான். ஆனால் தண்ணீருக்கும் அதே பலவீனம் தெரியும் அல்லவா? மெதுவாகத் திறந்து பென்சிலோயிக் அமிலமாக்கிவிடும், அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் இல்லை. அதனால்தான் பொடி, அதனால்தான் நாள் கணக்கு. பாக்டீரியாக்களும் இதே வேலையைச் செய்யும் பீட்டா-லாக்டமேஸ் நொதியை வைத்திருக்கின்றன. ஆபிரகாமும் செயினும் இதைப் பதிவு செய்தது 1940இல், பென்சிலின் நோயாளிகளுக்குப் பரவலாகப் போய்ச் சேர்வதற்கு முன்பே.

திறந்த வளையம் இன்னொரு வேலையும் செய்கிறது. பென்சிலின் நம் உடம்புப் புரதங்களின் மேல் போய் ஒட்டும்போதும் இதே அமைடுதான் திறக்கிறது. அப்படி ஒட்டிய துண்டை நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியனாகப் பார்த்தால் அதுதான் பென்சிலின் ஒவ்வாமைக்கு முக்கியமான ஆரம்பம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பென்சிலின் மூலக்கூறில் இரண்டு அமைடு இருப்பது. வளையத்துக்குள் பலவீனமானது ஒன்று, பக்கச் சங்கிலியில் சாதாரணமானது இன்னொன்று. வேதியியல் முறையில் உடைத்தால் முதலில் போவது வளையம்தான். ஆனால் பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி வளையத்தைத் தொடாமல் பக்கச் சங்கிலியை மட்டும் நறுக்கிவிடும். மிஞ்சும் கருவில் வேறு சங்கிலியை ஒட்டித்தான் ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் எல்லாம் தயாராகின்றன. பலமானதை உடைத்துப் பலவீனமானதை விட்டுவைப்பது, நொதியைத் தவிர வேறு யாராலும் இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாத காரியம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அமைடு உடைந்தால் இரண்டு துண்டு: ஒரு அமிலம், ஒரு அமீன். அமிலத் துண்டு பெரும்பாலும் சாது. அசிட்டிக் அமிலமோ புரோப்பியோனிக் அமிலமோ வந்தால் உடம்பும் மண்ணும் அதைச் சாப்பிட்டுவிடும். தொந்தரவு கொடுப்பது பெரும்பாலும் அமீன் துண்டுதான். அதிலும் பென்சீன் வளையத்தில் நேராக ஒட்டிய அமீன், அதாவது அனிலின் வகையறா, வெளியே வந்தால் கவனமாக இருக்க வேண்டும். அமைடாகக் கட்டிவைத்திருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். ஒரு அமைடு ஆபத்தானதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதில் ஒளிந்திருக்கும் அமீன் எது என்பதைத்தான்.

இதற்கு 1886இல் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஸ்ட்ராஸ்பர்க்கில் கான், ஹெப் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குக் குடற்புழுவுக்காக நாப்தலீன் கொடுக்க நினைத்தார்கள், மருந்துக் கடையிலிருந்து தவறுதலாக வேறு ஏதோ வந்தது, புழு போகவில்லை ஆனால் காய்ச்சல் இறங்கியது என்று சொல்வார்கள். வந்தது அசிட்டனிலைடு. அனிலினும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்த அமைடு. ஆன்டிஃபெப்ரின் என்ற பெயரில் சந்தைக்குப் போனது, காய்ச்சலும் குறைந்தது, கூடவே சில நோயாளிகள் நீலம் பாரித்துப்போனார்கள். காரணம், உடம்பில் ஒரு பகுதி அமைடு உடைந்து அனிலின் வெளியே வந்தது. அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை மாற்றிவிட்டது. அப்படி மாறிய மெத்திமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. மூச்சு விட்டாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாத நிலைமை.

அடுத்த வருடமே, 1887இல், ஃபீனாசிட்டின் வந்தது. அதுவும் இதே வகை அமைடு, கொஞ்சம் நாகரிகமானது. அதில் ஒரு சிறு பகுதி உடைந்து ஃபீனெடிடின் என்ற அமீன் வரும், அதே பிரச்சினை, ஆனால் குறைவாக. பிற்பாடு நீண்ட நாள் சாப்பிட்டவர்களின் சிறுநீரகம் கெட்டதும் தெரியவந்து, பல நாடுகள் விலக்கிவிட்டன. அமெரிக்காவில் 1983இல் எடுத்தார்கள். 1948இல் பிராடியும் ஆக்ஸல்ராடும் காட்டியது என்னவென்றால், அசிட்டனிலைடு காய்ச்சலைக் குறைப்பது அது உடம்பில் பாராசிட்டமாலாக மாறுவதால், ரத்தத்தைக் கெடுப்பது அதிலிருந்து அனிலின் பிரிவதால். ஒரே மருந்து, இரண்டு பாதை, ஒரு பாதை வைத்தியம், இன்னொன்று விஷம். அப்படியானால் நேரடியாகப் பாராசிட்டமாலையே கொடுத்துவிடலாமே? கொடுத்தார்கள்.

ஆனால் பாராசிட்டமாலை அதற்கு 50 வருடம் முன்பே, 1893இல், ஃபான் மேரிங் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, இதுவும் மெத்திமோகுளோபின் பிரச்சினை தருகிறது என்று எழுதிவைத்ததால் அது மூலையில் போடப்பட்டிருந்தது. அவர் பயன்படுத்திய மாதிரியில் 4-அமினோஃபீனால் கலந்திருந்திருக்கலாம் என்பது இப்போது பலரும் ஏற்கும் ஊகம். பாராசிட்டமாலைத் தயாரிப்பதும் 4-அமினோஃபீனாலிலிருந்துதான், அது உடைந்தால் திரும்பக் கிடைப்பதும் 4-அமினோஃபீனாலும் அசிட்டிக் அமிலமும்தான். ஆக, ஒரு நல்ல மருந்துக்கு அரை நூற்றாண்டு கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தது அதன் சொந்தச் சிதைவுப் பொருளாக இருக்கலாம்.

இப்போது மருந்துத் தரநூல்கள் பாராசிட்டமால் மூலப்பொருளில் 4-அமினோஃபீனால் 10 லட்சத்தில் 50 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன, ஏனென்றால் அது சிறுநீரகத்துக்குக் கெடுதல். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பேறும், பழைய மாத்திரைகள் நிறம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பயப்படும் அளவுக்கு வேகமாக உடைவதில்லை: 25 டிகிரியில் பிஎச் 6 அளவில் வைத்தால் பாதியாக உடைய சுமார் 20 வருடம் பிடிக்கும், அதே சமயம் பிஎச் 2க்குப் போனால் ஒரு வருடத்துக்குள் பாதி போய்விடும். சிரப் தயாரிப்பவர்கள் பிஎச்சைப் பார்த்துப் பார்த்து நிறுத்துவது இதற்காகத்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடுவதற்கும் அமைடு உடைவதற்கும் சம்பந்தமில்லை. அது வேறு பாதை: கல்லீரல் நொதிகள் மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்து, அமைடு அப்படியே இருக்க, குவினோன் வகையிலான ஒரு வினைவேகம் மிக்க பொருளை உண்டாக்குகின்றன. செல்லின் பாதுகாப்புப் பொருளான குளூட்டத்தயோன் இருக்கும்வரை அதை மடக்கிவிடும், தீர்ந்துபோனால் அது கல்லீரல் செல்லின் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். மாற்று மருந்தாக அசிட்டைல்சிஸ்டீன் கொடுப்பது குளூட்டத்தயோனை நிரப்பத்தான். சிதைவுப் பொருள் என்றாலே கெட்டது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்: சிறிய அளவு பாராசிட்டமால் உடம்பில் அமைடு உடைந்து 4-அமினோஃபீனாலாகி, மூளைக்குப் போய், அங்கே அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து புது அமைடு ஒன்றை உண்டாக்குகிறது, வலி குறைவதில் அதற்கும் பங்கிருக்கிறது என்று 2005 வாக்கில் விலங்குச் சோதனைகளில் காட்டினார்கள். ஒரு அமைடு உடைந்து இன்னொரு அமைடாகிப் போய் வேலை செய்வது அழகான திருப்பம்.

பல் டாக்டர் போடும் மரத்துப்போகும் ஊசியிலும் இந்தக் கதை உண்டு. பழைய புரோக்கெயின் ஒரு எஸ்டர், ரத்தத்திலுள்ள நொதி அதைச் சீக்கிரம் உடைத்துவிடும், வெளியே வரும் பாரா-அமினோபென்சாயிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தரும். 1943இல் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோக்கெயின் அமைடு. அதுவும் சாதாரண அமைடு இல்லை, பிணைப்புக்கு இரண்டு பக்கமும் மீத்தைல் தொகுதிகள் காவல்காரன் மாதிரி நிற்கின்றன, தண்ணீர் கிட்டவே வர முடியாது. கல்லீரலில்தான் அதன் முடிவு, அதுவும் முதலில் வேறொரு முனையை வெட்டிய பிறகே அமைடு பக்கம் நொதிகள் வருகின்றன. அதன் நெருங்கிய உறவினர் பிரிலோக்கெயினில் காவல்காரன் ஒருவன்தான். அது சுலபமாக உடைகிறது, வெளியே வருவது ஆர்த்தோ-டொலுயிடின், திரும்பவும் அனிலின் வகையறா, திரும்பவும் மெத்திமோகுளோபின். அளவு அதிகமானால் நோயாளி நீலம் பாரிப்பார், மெத்திலீன் புளூ கொடுத்துச் சரிசெய்வார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கு இதைத் தடவும்போது டாக்டர்கள் அளவில் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான். ஒரு மீத்தைல் தொகுதி இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

வயலுக்குப் போவோம். நெல் வயலில் அடிக்கும் களைக்கொல்லி புரோப்பனில் ஒரு அமைடு. அது எந்தப் பயிரின் ஒளிச்சேர்க்கையையும் நிறுத்தும், நெல்லையும் சேர்த்து. ஆனால் நெல் சாவதில்லை, ஏனென்றால் நெல் இலையில் அந்த அமைடை வேகமாக வெட்டும் ஒரு நொதி நிறைய இருக்கிறது, களையாக வரும் குதிரைவாலி இனப் புற்களில் அது போதுமான அளவு இல்லை. களைக்கொல்லியின் மொத்த சாமர்த்தியமும் ஒரு அமைடு எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்பதில்தான் இருக்கிறது! ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும், ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் நெல்லே கருகும். அப்புறம் சில களைகள் இந்த நொதியைத் தாங்களும் அதிகமாக்கிக்கொண்டு தப்பிக்கக் கற்றுக்கொண்டன, அது எதிர்பார்த்ததுதான்.

நெல் தப்பித்தது சரி, வெளியே வந்த துண்டு? புரோப்பியோனிக் அமிலத்தை மண்ணுயிரிகள் தின்றுவிடும். மறுபாதி 3,4-டைகுளோரோஅனிலின். அது மண்ணின் மட்கோடு இறுக ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் கரையும், மூலப்பொருளைவிட நீண்ட நாள் நிற்கும். நிறைய சேர்ந்தால் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து டெட்ராகுளோரோஅசோபென்சீன் உண்டாகும் என்பது 1960களிலேயே மண் சோதனைகளில் தெரிந்தது, அதன் வடிவம் கொடிய நச்சான டயாக்சினைப் போலிருப்பதால் அது நல்ல செய்தி அல்ல. இந்த வகை மருந்து எத்தனை நாளில் மறைகிறது என்று மட்டும் கேட்பது அரைக் கேள்விதான்.

உடையாத அமைடும் தொந்தரவுதான் என்பதற்கு டென்மார்க். டைகுளோபெனில் என்ற களைக்கொல்லி அமைடு அல்ல, ஆனால் மண்ணில் சிதைந்து 2,6-டைகுளோரோபென்சமைடு ஆகிறது. இரண்டு பக்கமும் குளோரின் காவல், நுண்ணுயிரிகளால் அதைச் சுலபத்தில் உடைக்க முடியவில்லை, மண்ணிலும் ஒட்டாமல் நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிட்டது. களைக்கொல்லியை 1990களிலேயே நிறுத்தியும் அங்கே குடிநீர்க் கிணறுகளில் அதிகம் அகப்பட்ட சிதைவுப் பொருட்களில் அது முன்னணியில் இருந்தது.

கரைப்பான்கள் பக்கம் டிஎம்எஃப் எனும் டைமீத்தைல்ஃபார்மமைடு. ஆய்வகத்தில் வேலை செய்தவர்களுக்குப் பழைய டிஎம்எஃப் பாட்டிலைத் திறந்தால் வரும் மீன் நாற்றம் நன்றாகத் தெரியும். டிஎம்எஃப் நாறுவதில்லை, நாறுவது அது உடைந்து வந்த டைமீத்தைல்அமீன். 153 டிகிரி கொதிநிலையில் கொஞ்சம் கொஞ்சமாக டைமீத்தைல்அமீனும் கார்பன் மோனாக்சைடும் ஆகிவிடும், அமிலமோ காரமோ ஈரமோ இருந்தால் இன்னும் சீக்கிரம். நாற்றத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 2018 ஜூலையில் ரத்த அழுத்த மருந்தான வால்சார்ட்டனைப் பல நாடுகள் திரும்பப் பெற்றன, அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கலாம் எனக் கருதப்படும் நைட்ரோசமீன் வகைப் பொருள் இருந்ததால். தயாரிப்பு முறையில் டிஎம்எஃப் கரைப்பான், மிச்சமிருக்கும் அசைடு என்ற வினைப்பொருளை அழிக்கச் சோடியம் நைட்ரைட். டிஎம்எஃப்பிலிருந்து வந்த டைமீத்தைல்அமீனும் அமிலச் சூழலில் நைட்ரைட்டும் சந்தித்தால் என்டிஎம்ஏ உண்டாகும், இது வேதியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த வினை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமான பொருட்கள், சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை. ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு என்று பிற்பாடு வைத்த எல்லை 96 நானோகிராம், அதாவது ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு.

யூரியாவை விட்டுவிட்டு அமைடு பற்றிப் பேச முடியாது. தண்ணீரில் தானாக உடைய வருடக்கணக்கில் எடுக்கும் யூரியாவை யூரியேஸ் நொதி கண்மூடித் திறப்பதற்குள் அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஆக்குகிறது. படிகமாக்கிக் காட்டிய முதல் நொதியே இதுதான், சம்னர், 1926. மண்ணின் மேல் வெறுமனே தூவிய யூரியா பயிருக்குப் போகாமல் அம்மோனியாவாகக் காற்றில் பறப்பது இந்த நொதி அவசரப்படுவதால், அதனால்தான் யூரியேஸைக் கொஞ்ச நாள் தடுத்துவைக்கும் பூச்சோடு உரம் விற்கிறார்கள். வயிற்றிலுள்ள ஹெலிகோபேக்டர் பைலோரி பாக்டீரியா இதே அம்மோனியாவைத் தன்னைச் சுற்றிக் கவசமாக்கி இரைப்பை அமிலத்தில் உயிர் வாழ்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் மூச்சுச் சோதனையில் கனமான கார்பன் கொண்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, மூச்சில் அந்தக் கார்பன் வருகிறதா என்று பார்ப்பார்கள். டீசல் வண்டிகளில் தனித் தொட்டியில் ஊற்றும் 32.5 சதவீத யூரியா கரைசலும் புகைக்குழாயின் சூட்டில் உடைந்து தரும் அம்மோனியாவுக்காகத்தான், அது நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாக்கும். சூடு போதவில்லை என்றால் உடைவது பாதியில் நின்று பையூரெட், சயனூரிக் அமிலம் என்று வெள்ளைப் படிவாகக் குழாயை அடைக்கும். யூரியா சூட்டில் முதலில் அம்மோனியாவாகவும் ஐசோசயனிக் அமிலமாகவும் பிரிகிறது, இந்த ஐசோசயனிக் அமிலம் மிச்ச யூரியாவோடு சேர்வதுதான் பையூரெட். உர மூட்டைகளில் பையூரெட் அளவுக்குக் கட்டுப்பாடு இருப்பது அது பயிருக்கு ஆகாது என்பதால்.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம், சொல்லாவிட்டால் அமைடு உடைவது எப்போதும் கெடுதல் என்று நினைத்துவிடுவீர்கள். 2002இல் ஸ்வீடனில், மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் வறுத்தாலோ சுட்டாலோ அக்ரிலமைடு உண்டாகிறது என்று அறிவித்தார்கள். அஸ்பராஜினும் சர்க்கரையும் சேர்ந்து வினைபுரியும்போது அஸ்பராஜினின் மற்ற பகுதிகள் எல்லாம் சிதைந்து அதன் பக்கச் சங்கிலி அமைடு மட்டும் உயிர் தப்பி அக்ரிலமைடாக வெளியே வருகிறது. தீர்வுகளில் ஒன்று என்ன தெரியுமா? வறுப்பதற்கு முன்பே அஸ்பராஜினேஸ் நொதியால் அந்த அமைடை உடைத்துவிடுவது. உடைந்தால் அஸ்பார்டிக் அமிலமும் கொஞ்சம் அம்மோனியாவும், அக்ரிலமைடுக்கு வழியே இல்லை. இதே நொதியைத்தான் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள், அந்தப் புற்றுச் செல்கள் அஸ்பராஜினைத் தாங்களே போதிய அளவு செய்துகொள்ள முடியாமல் ரத்தத்திலிருந்து எடுப்பவை.

அஸ்பராஜின் நம் உடம்பிலும் சும்மா இருப்பதில்லை. புரதத்தில் அஸ்பராஜினுக்கு அடுத்ததாக கிளைசின் வந்தால், புரதத்தின் முதன்மைச் சங்கிலியின் நைட்ரஜனே திரும்பிப் பக்கச் சங்கிலி அமைடைத் தாக்கும், அம்மோனியா கழன்று ஒரு வளையம் உண்டாகும், வளையம் திறக்கும்போது ஏறக்குறைய 3 பங்குக்கு 1 பங்கு என்ற கணக்கில் ஐசோஅஸ்பார்டிக் அமிலமும் அஸ்பார்டிக் அமிலமும் கிடைக்கும். முன்னது கோணலான சங்கிலி, புரதம் மடிந்திருக்கும் விதமே மாறிவிடும். சின்னப் பெப்டைடுகளில் இது 37 டிகிரியில் ஒரே நாளில் பாதி முடிந்துவிடும். 350 வருடம் என்று மேலே சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எல்லாம் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆன்டிபாடி மருந்துகளையும் இன்சுலினையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்வதற்கு உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. கண் வில்லையின் புரதங்கள் ஒருமுறை உண்டானால் வாழ்நாள் முழுக்க மாறுவதே இல்லை, அதனால் இந்தச் சிதைவு அங்கே வருடத்துக்கு வருடம் சேர்ந்துகொண்டே போகிறது, கண்புரை வந்த வில்லைகளில் இது நிறையத் தென்படும். ஐசோஅஸ்பார்டிக் கோணலைச் சரிசெய்யவென்றே உடம்பில் ஒரு நொதி இருக்கிறது, அது இல்லாமல் பிறக்க வைத்த எலிகள் சில வாரங்களில் வலிப்பு வந்து இறந்துபோகின்றன.

நைலான் பற்றி ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கரோத்தர்ஸ் குழு 1935இல் செய்த நைலான் நூற்றுக்கணக்கான அமைடுகள் வரிசையாகக் கோர்த்தது, அமிலத்துக்குத்தான் பயப்படும், பொடியாகிப் பலவீனமாகும். நைலான் 6ஐச் சூடும் வினையூக்கியும் கொடுத்து உடைத்தால் தொடங்கிய பொருளான கேப்ரோலாக்டமே திரும்பி வருவதால் மறுசுழற்சிக்கு அது மற்ற பிளாஸ்டிக்குகளைவிடத் தோது. 1975இல் ஜப்பானில் ஒரு நைலான் ஆலையின் கழிவுநீரில், நைலான் தயாரிப்பில் மிஞ்சும் சிறு சங்கிலிகளைத் தின்று வாழும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருள் உலகத்தில் உண்டாகி அப்போது 40 வருடம்தான் ஆகியிருந்தது, அதற்குள் ஒரு பாக்டீரியா அந்த அமைடுக்கென்றே நொதி வைத்திருந்தது.